பதினான்காம் எண் திரை

பல்கலைக்கழகத்தின் நிலத்தடி நீர்த் துறை, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குக் குடிபோனபோது, கணினி ஆய்வகத்தை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனது. முப்பத்திரண்டு கணினிகளையும் குளிரூட்டிகளையும் பிடுங்கி நடுவதைவிட மாணவர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவது எளிது என்று யாரோ கூட்டத்தில் சொல்ல, எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். மென்பொருளின் உரிமம் அந்த ஆய்வகக் கணினிகளுக்கு மட்டும்தான். மாணவர் தன் வீட்டுக் கணினியைத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, ஆய்வகத்தில் தனக்கென்று ஒதுக்கிய கணினியைப் பிடித்துக்கொள்வார். அவர் அங்கே மவுஸை நகர்த்தினால் இங்கே அம்பு நகரும்.

அந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தொன்று. காலை ஒன்பது மணிக்கு வந்து பூட்டைத் திறப்பார். கணினிகள் விழித்திருக்கின்றனவா என்று பார்ப்பார். "சார், பதினேழு ஹேங் ஆயிடுச்சு" என்று யாராவது போன் செய்தால், எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வருவார். அவ்வளவுதான் வேலை. மாணவர்கள் நிறைந்திருந்த காலத்தில் "சத்தம் போடாதீங்கப்பா" என்று நாளைக்கு நாற்பது தடவை சொன்னவர், இப்போது பேச ஆளில்லாமல் கணினிகளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். ஒன்பதாம் எண் சோம்பேறி. இருபத்திரண்டாம் எண் மாமியார். எதைத் தொட்டாலும் கோபித்துக்கொண்டு 'பீப்' என்று ஒரு குரல் கொடுக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். மகன் விடுதியில் தங்கிப் படித்தான். தினமும் மாலையில் மனைவி போன் செய்வாள்.

"சாப்டாச்சா?"

"ம். நீ?"

"ஆச்சு. அங்க மழையா?"

"இல்ல."

"சரி, வெக்கிறேன்."

சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சு வற்றிப்போயிருந்தது, அவ்வளவே.

வீட்டிலிருந்து மாணவர் வேலை செய்யும்போது ஆய்வகத் திரை கறுப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று கணினியின் அமைப்புகளில் ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் போதும். மூன்று மாதத்துக்கு முன் ஐந்தாம் எண் அடிக்கடி உறைந்துபோனது. காரணம் கண்டுபிடிக்க, அவர் அந்தக் குறியை எடுத்துப் பார்த்தார். திரை உயிர் பெற்றது. ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் ஓர் அம்பு இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எழுத்துகளை அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். பொறுப்பாளருக்கு என்னவோ போலிருந்தது. வெகுநாள் கழித்து அந்த அறைக்குள் யாரோ வந்ததுபோல. அன்று மாலைக்குள் முப்பத்திரண்டு கணினிகளிலும் அந்தக் குறியை எடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். வைக்கவில்லை.

அதன் பிறகு ஆய்வகம் கலகலப்பாக ஆனது, சத்தமே இல்லாமல். எட்டாம் எண்காரர் பத்து நிமிடம் வேலை செய்தால் இருபது நிமிடம் சீட்டாட்டம் ஆடினார். பத்தொன்பதாம் எண்காரருக்கு எதையும் மூடும் பழக்கமில்லை. திரையில் இருபது சன்னல்கள் திறந்து கிடக்கும். பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார், பழைய நாட்களில் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் போலவே.

பதினான்காம் எண், ஆராய்ச்சி மாணவி ஒருத்தியுடையது. பதிவேட்டின்படி வயது முப்பத்தெட்டு. கடலோர நகரம் ஒன்றின் கிணறுகளுக்குள் உப்புநீர் எப்படி ஏறுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. நூற்றுப்பன்னிரண்டு கிணறுகளின் ஆழம், நீர்மட்டம், உப்பளவு எல்லாம் ஓர் அட்டவணையில் இருந்தன. அதை மென்பொருளில் கொடுத்து ஓடவிட்டால், அடுத்த முப்பது ஆண்டுகளில் உப்பு எதுவரை வரும் என்று திரையில் வண்ணமாக வரும். நீலம் நல்ல தண்ணீர். சிவப்பு உப்பு. ஓர் ஓட்டம் முடிய மூன்று மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்கு அவள் தொடங்கிவிடுவாள். பாதி வழியில் சிவப்பு கண்டபடி சிதறி, பிழைச் செய்தி வந்து நின்றுவிடும்.

ஓட்டம் நடக்கும்போது அவளுக்கு வேலையில்லை. அப்போது திரையின் மூலையில் குறிப்பேடு ஒன்றைத் திறந்து எதையாவது எழுதுவாள். அவர் முதலில் படித்தபோது அது ஆராய்ச்சிக் குறிப்பு என்றுதான் நினைத்தார்.

'இன்றைக்கும் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் சத்தமாகச் செய்கிறாள்' என்று இருந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வெற்று அறையில் தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். நான்கைந்து வரி எழுதியபின் அவள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். சேமிக்காமல் மூடினாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் தன் நாற்காலியைப் பதினான்காம் எண்ணுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மணமுறிவுக்குப் பின் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு முனைதான் அவளுக்குப் படிப்பறை. கணினி அண்ணன் பிள்ளைகளுடையது. அவர்கள் பள்ளியிலிருந்து வந்ததும் எழுந்துவிட வேண்டும். "இந்தத் தண்ணிப் படிப்பு இன்னும் எத்தன வருஷம்?" என்று அண்ணன் கேட்பது, பிரிந்துபோன கணவனைக் கடைத்தெருவில் கண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்தது, ஒளிந்த பிறகு தன்மேலேயே வந்த கோபம் என்று ஒவ்வொன்றாக அவருக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்திருந்தால் கண் போகாதா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கண் போவது வேறு, நாற்காலி போட்டு உட்காருவது வேறு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் மதியச் சாப்பாட்டை ஒன்றரை மணிக்கே முடித்துக் கைகழுவும்போது, யாரோ தன்னைப் பார்க்க வரப்போகிறார்கள் என்பதுபோன்ற ஓர் அவசரம் அவருக்குள் இருந்தது. அதை அவரால் விட முடியவில்லை.

மூன்றாவது மாத முடிவில், ஒரு வெள்ளிக்கிழமை, அறுபதாவது ஓட்டமும் நின்றுபோனது. அம்பு வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு குறிப்பேடு திறந்தது.

'அறுபதாவது முறை. போதும். திங்கட்கிழமை விலகல் கடிதம் கொடுத்துவிடப் போகிறேன். எனக்காக யாரும் காத்திருக்கவில்லை, இந்த உப்புத் தண்ணீர் உட்பட.'

ஓட்டம் ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். அவர் நிலநீர் படித்தவர் அல்ல. ஆனால் அவளுடைய அட்டவணையைத் தினமும் பார்த்தவர். அந்தப் பகுதியில் எல்லாக் கிணறுகளும் நான்கு, ஐந்து மீட்டர் ஆழம். முப்பத்தேழாம் கிணறு மட்டும் நாற்பத்தைந்து. புள்ளி விட்டுப்போயிருந்தது. இரண்டு வாரமாகவே அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. சொன்னால் பார்த்தது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அவள் எழுதியதற்குக் கீழே தட்டச்சு செய்தார்.

'37ஆம் கிணற்றின் ஆழத்தைப் பாருங்கள். 4.5 இருக்க வேண்டிய இடத்தில் 45 இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.'

பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

'யார்?'

'ஆய்வகப் பொறுப்பாளர்.'

'எப்போதிலிருந்து?'

அவர் பதில் அடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரையில் துறையின் சின்னம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. பதிவேட்டில் அவளுடைய போன் எண் இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். கூப்பிட்டால் அது இரண்டாவது முறை சுவரேறிக் குதித்ததாக ஆகும் என்று பட்டது. பதிவேட்டை மூடி வைத்தார். புதன் மாலை ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, எடுத்த குறியைத் திரும்ப வைத்தார். முப்பத்திரண்டு திரைகளும் வரிசையாகக் கறுத்தன. எட்டாம் எண்காரரின் சீட்டாட்டம் பாதியில் மறைந்தது.

அன்று மனைவி போன் செய்தபோது, "சாப்டாச்சா?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மருத்துவமனையில் யாரையோ அழைக்கும் மணியோசை அவள் பக்கம் இரண்டு முறை கேட்டு ஓய்ந்தது.

"அந்தப் பொண்ணு அப்படி என்னதான் எழுதுச்சு?" என்றாள்.

"அத உங்கிட்டச் சொன்னா இன்னொரு தப்பு."

"சரி, சொல்லாதீங்க." பிறகு, "என்கிட்டப் பேச இவ்ளோ இருந்துச்சா உங்களுக்கு?" என்றாள். குற்றம் சாட்டுகிறாளா, வருத்தப்படுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. "ஆபீஸ்ல சொல்லிடுங்க. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க."

வியாழக்கிழமை பேருந்து பிடித்துப் புதிய கட்டடத்துக்குப் போனார். துறைத் தலைவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஓர் அம்மாள். கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு புகார் ஏதாவது குடுத்திருக்காளா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு ஓணான எடுத்து மடியில கட்டிக்கறீங்க? செட்டிங்க சரி பண்ணியாச்சில்ல? போய் வேலையப் பாருங்க."

"எல்லார் திரையும் தெரிஞ்சிருக்கு மேடம். எல்லாருக்கும் ஒரு கடிதம் போகணும்."

"போனா என்ன ஆகும் தெரியுமா?"

"எனக்கு மெமோ வரும்."

"தெரிஞ்சேதான் கேக்கறீங்களா!"

அவர் எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தைத் தலைவர் வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவால் பாதியை அடித்தார். மிச்சமிருந்தது மூன்று வரி. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உங்கள் திரைகள் ஆய்வகத்தில் தெரியும் நிலையில் இருந்தன, தவறு பொறுப்பாளருடையது, இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது. அதுவே எல்லோருக்கும் மின்னஞ்சலில் போனது. அவருக்கு மெமோவும் வந்தது. முப்பத்திரண்டு பேரில் பதில் எழுதியவர் ஒருவர்தான். ஆய்வகம் விடுமுறை நாட்களில் திறந்திருக்குமா என்று கேட்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். குள்ளமான, கட்டுமஸ்தான உடம்பு. முன்நெற்றியில் கொஞ்சம் நரை. தோளில் துணிப்பை. வேகமாக ஓடும் அந்த எழுத்துகளை வைத்து அவர் உயரமான, மெலிந்த ஒருத்தியை மனதில் வரைந்து வைத்திருந்தார். அதனால் அவள் வாய் திறக்கும்வரை யாரென்று தெரியவில்லை.

"பதினாலு எது?" என்றாள்.

அவர் எழுந்து நின்று கையைக் காட்டினார். அவள் போய்க் கறுத்த திரையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுலயா?"

"ஆமா."

"நீங்க எங்க உக்காந்திருப்பீங்க?"

"அந்த மேசைல." சொல்லிவிட்டு, அது முழு உண்மையில்லை என்பதால் தொடர்ந்தார். "ரெண்டு மணிக்கு நாற்காலிய இங்க இழுத்துப் போட்டுப்பேன்."

அவள் தலையசைத்தாள். "எத்தன நாளா?"

"மூணு மாசமா."

"எல்லாத்தயும் படிச்சீங்களா?"

"ஆமா."

"மழை பெஞ்ச அன்னிக்கி எழுதினது?"

அவர் தரையைப் பார்த்தார். "அதையும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்த வீட்ல எனக்குன்னு பூட்டற மாதிரி ஒரு டிராயர்கூடக் கெடையாது சார். எத எழுதி எங்க வெக்கிறது? எங்கயோ ஒரு காலி ரூம் இருக்கு, அதுல ஒரு மிஷின் சும்மா கெடக்கு, அதுல எழுதி அழிச்சா அது யாருக்கும் இல்லாமப் போயிடும்னு நெனச்சேன். இருந்தது ஒரே ஒரு எடம். அதுலயும் ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருந்திருக்கார்."

"மன்னிச்சிடுங்கன்னு..."

"கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குப் பரவாயில்லன்னு தோணல."

அவர் நின்றபடியே இருந்தார். உட்காருவது மரியாதையாகப் படவில்லை.

"முப்பத்தேழு சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. "என் நோட்டுல நாலர மீட்டர்னுதான் இருக்கு. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு. தப்பாச் சொல்லியிருந்தா நிம்மதியாத் திட்டியிருப்பேன்."

"கடிதம் குடுத்துட்டீங்களா?"

"அதக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கா?"

"இல்ல."

குளிரூட்டி ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தாள்.

"குடுக்கல," என்றாள். "ஓட்டிப் பாக்கணும். நீங்க வெளிய இருங்க."

அவர் திரையை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டு நடைவழிக்குப் போனார். கதவை அவளே சாத்தினாள். நடைவழியில் உட்கார எதுவுமில்லை. அறிவிப்புப் பலகையில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேர்வு அட்டவணை ஒற்றைக் குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முழுக்கப் படித்தார். படித்து முடித்தபின் மறுபடி படித்தார். சுற்றிவந்த காவலாளி நின்று பார்த்தார்.

"என்ன சார், வெளிய நிக்க வெச்சுட்டாங்களா?"

"ஆமா."

"வீட்டுப்பாடம் எழுதலயா?" என்று சிரித்துக்கொண்டே காவலாளி போய்விட்டார்.

கால் கடுத்தது. உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துக்கொள்ளலாம். போகவில்லை. பதினொன்று அடித்தது, பன்னிரண்டு அடித்தது. உள்ளே இப்போது நீலம் எதுவரை, சிவப்பு எதுவரை என்று மனம் கணக்குப் போட்டது. எழுதுகிறாளா என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும், கதவைவிட்டு இன்னும் பத்தடி தள்ளி, படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார்.

ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. அவள் முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கலாம்; அவர் உற்றுப் பார்க்கவில்லை.

"ஓடிடுச்சு," என்றாள். "முப்பது வருஷமும் ஓடிடுச்சு."

மூன்று மாதமாகப் பாதிவழியில் சிதறுவதையே பார்த்தவருக்கு, முழுப்படத்தையும் ஒருமுறை பார்க்க ஆசையாக இருந்தது. அவள் கூப்பிடவில்லை. அவர் கேட்கவில்லை.

"நாளைலேருந்து வீட்லேருந்தே பண்றேன். வேற வழியில்ல. இந்தத் திரை..."

"கறுப்பாத்தான் இருக்கும். நம்பிக்கை இல்லன்னா வயரையே கழட்டிடறேன்."

"கழட்டிடுங்க."

அவள் கண்முன்னாலேயே திரைக்குப் போகும் இரண்டு வயர்களையும் உருவி, சுருட்டி, அவளிடம் நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள்.

"எனக்கெதுக்கு வயரு?" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். படிக்கட்டில் செருப்பொலி கீழே இறங்கி, வாசலில் தேய்ந்து மறைந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் பதினான்காம் எண் பெட்டியின் சிறு பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. விசிறி வேகமெடுத்தது. ஓட்டம் தொடங்கிவிட்டது என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. அவர் தன் மேசையிலேயே இருந்தார். அடுத்து வந்த மாதங்களில் மதியங்கள் மிக நீளமாக இருந்தன. பழைய தேநீர்க் குவளைகளைத் தேய்த்தார். விசைப்பலகைகளைத் தலைகீழாகத் தட்டித் தூசி எடுத்தார். மாணவர்களுக்கான வழிகாட்டிக் குறிப்பில், யாரையும் கேட்காமல், மூன்று வரி சேர்த்தார். 'ஆய்வகத்தில் ஒருவர் இருப்பார். உங்கள் திரை அவருக்குத் தெரியாது. அழைத்தால் எடுப்பார்.' அதைப் படித்துச் சிலர் அழைத்தார்கள். பத்தொன்பதாம் எண்காரர், தன் பூனை விசைப்பலகையில் ஏறி எதையோ அழுத்திவிட்டது என்று அரை மணி நேரம் பேசினார். அவள் ஒருமுறைகூட அழைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அவளுடைய ஆய்வேடு ஏற்கப்பட்டதாகத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துச் செய்தி அல்ல. பதினான்காம் எண் கணக்கை நீக்கி, அடுத்தவருக்கு ஒதுக்கும்படி உத்தரவு. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு புதிய கட்டடத்தில் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. கணக்கை நீக்குமுன் மாணவியின் கோப்புகளை ஒரு குறுவட்டில் நகலெடுத்து அனுப்ப வேண்டும் என்பது முறை. வயர்களைத் திரும்பச் செருகினார். இருநூற்றுப் பதினாறு கோப்புகள். 'இறுதி ஓட்டம்' என்ற பெயரில் ஒரு படம் இருந்தது. அதைத் திறந்தால் முப்பது வருட நீலமும் சிவப்பும் இருக்கும். திறக்காமலே நகலெடுத்தார். உறையில் முகவரி எழுதும்போது கவனித்தார்: அது அண்ணன் வீட்டு முகவரி இல்லை. வேறு தெரு, வேறு கதவெண்.

'நீக்கிவிடலாமா?' என்று கணினி கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினார். அந்த இடம் வெறுமையானது.

உறையைப் பையில் வைத்துக்கொண்டு, விளக்குகளை அணைத்து, ஆய்வகத்தைப் பூட்டினார். அஞ்சலகம் மூடுவதற்குள் உறையைச் சேர்த்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். பேருந்து வர நேரமிருந்தது. நிழற்குடையில் அவர் வயதுள்ள ஒருவர் நின்றிருந்தார். கையில் புதிய குடை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாமல்.

"மணி என்னங்க?" என்று குடைக்காரர் கேட்டார்.

"அஞ்சே முக்கால்."

குடைக்காரர் தலையாட்டிவிட்டுச் சாலையைப் பார்த்தார். வழக்கமாகப் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பொறுப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டார்.